விமானப் பயணச்சீட்டில் உள்ள எழுத்துகளும் பெயர்களும்: ஒரு விளக்கம்

டொராண்டோ, ஸ்கார்பரோவிலுள்ள டோர்செட் பார்க் பகுதியில், கென்னடி வீதிக்கு அண்மையிலுள்ள தொடர்மாடிக் கட்டடமொன்றில் வசிக்கிறேன். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் அண்ணர் ஒருவர், தாயாரின் மரணச்சடங்குக்காக யாழ்ப்பாணம் போய்த் திரும்பி இரண்டு மாதங்கள் கழித்து, ஒரு மாலைப்பொழுதில் நான்கைந்து தாள்களுடன் என் கதவைத் தட்டினார்.

"தம்பி, இதைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லும். என்னதான் எழுதியிருக்கிறாங்கள் எண்டு எனக்கு ஒருக்கால் விளங்கவேணும்."

அது அவருடைய விமானப் பயணச்சீட்டு. தாயார் இறந்த செய்தி வந்த இரவே இணையத்தில் தேடி வாங்கியிருக்கிறார். ஒரே விமானம், ஒரே நேரம். ஆனால் இரண்டு விலைகள் இருந்தன. இடையில் 140 டொலர் வித்தியாசம். மலிவானதை எடுத்துவிட்டார். போனார், கொள்ளி வைத்தார். திரும்பும் திகதியை இருபதாம் நாளுக்குப் போட்டிருந்தார். அங்கு போன பின்னர்தான், 31ஆம் நாள் அந்தியேட்டியையும் முடித்துவிட்டுத் திரும்பலாமென்று வேலையிடத்தில் விடுமுறையை நீட்டிக் கேட்டார். அவர்களும் சம்மதித்தார்கள். ஆனால் விமான நிறுவனம் சம்மதிக்கவில்லை. அந்தச் சீட்டுக்குத் திகதி மாற்றமே கிடையாதாம். புதிதாக ஒருவழிச் சீட்டு வாங்க அவரிடம் பணமில்லை. திரும்பி வந்துவிட்டார். கீரிமலையில் தம்பியின் மகன் கிரியைகளைச் செய்ய, மூத்த மகனான இவர் டோர்செட் பார்க்கிலிருந்து கைத்தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மலிவெண்டால் இருக்கை சின்னனாயிருக்கும், சாப்பாடு குறைவாயிருக்கும் எண்டுதான் நினைச்சன் தம்பி. இரண்டும் எல்லாருக்கும் குடுத்த மாதிரியேதான் எனக்கும் தந்தவங்கள்" என்றார்.

அவர் தவறு விட்டது அந்த இடத்தில்தான். நம்மில் பலரும் விடும் தவறும் அதுதான். அன்றிரவு அவருக்குச் சொன்னவற்றைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

வகுப்பு என்ற சொல்

நம் நினைவில் வகுப்பு என்பது புகைவண்டியோடு சேர்ந்தது. 1956இல் ஓடத்தொடங்கிய யாழ்தேவியில் பயணம் செய்தவர்களுக்கு முதலாம், இரண்டாம், மூன்றாம் வகுப்புகள் தெரியும். சீட்டில் என்ன வகுப்பு எழுதியிருந்ததோ அதே வகுப்புப் பெட்டியிலும் எழுதப்பட்டிருக்கும். கூடுதல் காசு கொடுத்தால் மெத்தை இருக்கை. குறைத்துக் கொடுத்தால் நெருக்கடி. வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது.

விமானங்களும் ஆரம்பத்தில் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தன. 1945இல் ஹவானாவில் உருவான ஐஆட்டா எனப்படும் அனைத்துலக விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் மாநாடுகளில் நிறுவனங்கள் கூடிக் கட்டணங்களை நிர்ணயித்தன. அரசுகள் அவற்றுக்கு ஒப்புதல் அளித்தன. அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்கும் விமானங்களில் 1952இல் 'டூரிஸ்ட்' வகுப்பும், 1958இல் அதைவிட மலிவான 'எக்கொனமி' வகுப்பும் வந்தன. எக்கொனமிப் பயணிக்குச் சாண்ட்விச் மாத்திரமே கொடுக்கலாமென்று விதி செய்தார்கள். ஸ்கண்டிநேவிய நிறுவனமான எஸ்ஏஎஸ் தன் நாட்டு வழக்கப்படி மேல்துண்டு இல்லாத பாணில் இறைச்சியும் மீனுமாக அடுக்கிக் கொடுக்க, அமெரிக்க நிறுவனமான பான் ஆம் முறையிட்டது. சாண்ட்விச் என்றால் என்ன என்பதே பெரிய வழக்காகி, இறுதியில் எஸ்ஏஎஸ் 20,000 டொலர் அபராதம் கட்டியது. சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் மலிவான சீட்டென்றால் மலிவான சாப்பாடு என்று அண்ணர் நினைத்தது அந்தக் காலத்தில் சரியாக இருந்திருக்கும்.

இந்நிலை 1970களின் இறுதியில் மாறியது. அமெரிக்கன் எயர்லைன்ஸ் 1977இல் 'சூப்பர் சேவர்' என்ற கட்டணத்தைக் கொண்டுவந்தது. அதே எக்கொனமி இருக்கை, அதே உணவு. ஆனால் முன்கூட்டியே வாங்க வேண்டும், குறிப்பிட்ட நாட்கள் தங்கித் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனைகளுடன் விலை குறைவு. அடுத்த ஆண்டே அமெரிக்கா விமானக் கட்டணங்களின் மீதான அரசுக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. கனடாவில் 1987இல் நிறைவேறிய சட்டம் 1988இலிருந்து அதையே செய்தது. அன்றிலிருந்து ஒரே அறைக்குள் வித்தியாசம் இருக்கையில் இல்லை, நிபந்தனையில் இருக்கிறது. நாம் காசு கொடுத்து வாங்குவது ஓர் இருக்கையை அல்ல, ஓர் ஒப்பந்தத்தை.

சீட்டில் உள்ள மூன்று விடயங்கள்

இன்றைய பயணச்சீட்டில் மூன்று வெவ்வேறு விடயங்கள் உள்ளன. மூன்றையும் 'வகுப்பு' என்றே நாம் சொல்லிவிடுவதால்தான் குழப்பம் உண்டாகிறது.

முதலாவது அறை. விமானத்தில் எந்தப் பகுதியில் உட்காருகிறோம் என்பது. முதலாம் வகுப்பு, பிஸ்னஸ், பிரீமியம் எக்கொனமி, எக்கொனமி என்று பெரும்பாலும் நான்குக்குள் அடங்கிவிடும். நிறுவனங்கள் இவற்றுக்குத் தம் சொந்தப் பெயர்களையும் வைத்திருக்கின்றன. பிரிட்டிஷ் எயர்வேஸின் 'வேர்ல்ட் டிராவலர்' என்பது எக்கொனமிதான். அதனுடன் 'பிளஸ்' சேர்ந்தால் பிரீமியம் எக்கொனமி. 'கிளப் வேர்ல்ட்' என்றால் பிஸ்னஸ். பெயரைப் பார்த்து மயங்கத் தேவையில்லை.

இரண்டாவது பதிவு வகுப்பு. சீட்டில் ஒற்றை ஆங்கில எழுத்தாக இருக்கும். முழுவிலை எக்கொனமிக்கு 'வை', முழுவிலை பிஸ்னஸுக்கு 'ஜே', முதலாம் வகுப்புக்கு 'எஃப்' என்பவை பரவலான வழக்கு. அவற்றுக்குக் கீழே தள்ளுபடிப் படிகள் வெவ்வேறு எழுத்துகளில் இறங்கிச் செல்லும். எந்த எழுத்து எந்தப் படி என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தானே தீர்மானிக்கிறது. உதாரணமாக 'டபிள்யூ' பல நிறுவனங்களில் பிரீமியம் எக்கொனமியைக் குறிக்கும். எயர் கனடாவில் அது சாதாரண எக்கொனமியின் ஒரு படி. எனவே ஒரு நிறுவனத்தின் எழுத்தறிவை இன்னொன்றுக்குக் கொண்டுபோகக் கூடாது.

இந்த எழுத்துக்கு அருகே எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட குறியீடொன்றும் இருக்கும். கட்டண அடிப்படைக் குறியீடு என்று சொல்லலாம். அதன் முதல் எழுத்து பொதுவாகப் பதிவு வகுப்பு. பின்னால் வரும் 'எச்' நெரிசல் பருவத்தையும் 'எல்' நெரிசலற்ற பருவத்தையும் குறிப்பதுண்டு. '3எம்' என்றால் மூன்று மாதங்களுக்குள் திரும்பவேண்டும் என்று பொருள்படுவதுண்டு. நம்மவர் ஊருக்குப் போவது பிள்ளைகளின் பாடசாலை விடுமுறையில். நல்லூர்த் திருவிழாவும் பெரும்பாலும் அதையொட்டியே வரும். எனவே நம்மில் பெரும்பாலானோர் 'எச்' பருவத்துப் பயணிகளே.

மூன்றாவது கட்டணப் பெயர். பேசிக், ஸ்டாண்டர்ட், பிளெக்ஸ், லாட்டிட்யூட் என்று எயர் கனடாவிலும், ஸ்பெஷல், சேவர், பிளெக்ஸ், பிளெக்ஸ் பிளஸ் என்று எமிரேட்ஸிலும் நாம் காண்பவை இவை. நிபந்தனைகளை ஒரு கட்டாகக் கட்டி அதற்கு ஒட்டிய பெயர்ச்சீட்டு என்று கொள்ளலாம். அண்ணரின் திரையில் தெரிந்த 140 டொலர் வித்தியாசம் இந்த மூன்றாவதில்தான் இருந்தது. அறை ஒன்றே, கட்டு வேறு.

விலை ஏன் மணிக்கு மணி மாறுகிறது?

பிரித்தானிய நிறுவனமான பிஓஏசியில் பணியாற்றிய கென் லிட்டில்வுட் 1972இல் ஓர் எளிய விதியை முன்வைத்தார். ஓர் இருக்கையை இன்று 1,200 டொலருக்கு விற்கலாம். காத்திருந்தால் கடைசி நேரத்தில் ஒருவர் 2,000 டொலர் கொடுக்கக்கூடும் என்று வைத்துக்கொள்வோம். 1,200ஐ 2,000ஆல் வகுத்தால் 60 சதவீதம். அந்தக் கடைசிநேரப் பயணி வருவதற்கான வாய்ப்பு 60 சதவீதத்துக்கு மேலென்றால் இருக்கையை விற்காமல் வைத்திரு. குறைவென்றால் இப்போதே விற்றுவிடு. அவ்வளவுதான். இன்று கணினிகள் செய்யும் பெரும் கணக்குகளுக்கெல்லாம் வேர் இது.

இதன்படி ஒவ்வொரு எழுத்துக்கும் இத்தனை இருக்கைகள் என்று ஒதுக்கப்படுகின்றன. மலிவான எழுத்து தீர்ந்ததும் அடுத்த எழுத்து திறக்கும், விலை ஏறும். சாவு செய்தி கேட்டு அடுத்த நாளே புறப்படுபவர்தான் அந்தக் கணக்கில் வரும் கடைசிநேரப் பயணி. அவருடைய அவசரத்தின் காரணம் கணினிக்குத் தெரியாது.

இதிலிருந்து நடைமுறைக்குதவும் ஒரு குறிப்பு. நான்கு பேருக்கு ஒன்றாகத் தேடினால், மலிவான எழுத்தில் மூன்று இருக்கைகளே மீதமிருக்கும்போது, பல தளங்கள் நால்வருக்குமே அடுத்த எழுத்தின் விலையைக் காட்டிவிடும். முதலில் ஒருவருக்கு மட்டும் தேடிப் பார்த்து ஒப்பிடுவது நல்லது.

பெயர்கள் சொல்லாதவை

இலக்கிய வாசகர்களுக்குப் பெயர்களின் மீது ஓர் ஈடுபாடு இருக்கும். கட்டணப் பெயர்களிடம் மட்டும் அதைக் காட்ட வேண்டாம். எயர் கனடா 2001இல் 'டாங்கோ' என்ற பெயரில் மலிவு விலைச் சேவையொன்றைத் தொடங்கியது. அந்தச் சேவை மறைந்த பின்னரும், அந்த நடனத்தின் பெயர் பல ஆண்டுகள் ஒரு மலிவுக் கட்டணத்தின் பெயராக நீடித்தது. 'லாட்டிட்யூட்' என்பது அட்சரேகையையும் குறிக்கும், கைகால் நீட்ட இடமிருப்பதையும் குறிக்கும். நல்ல சிலேடைதான், ஆனால் திகதி மாற்றலாமா என்ற கேள்விக்குப் பதில் அதில் இல்லை.

'பிளெக்ஸ்' என்ற பெயர் பல நிறுவனங்களில் இருக்கிறது. ஒன்றில் மாற்றக் கட்டணமே இல்லாதிருக்கலாம். இன்னொன்றில் குறைந்த கட்டணம் அறவிடலாம். இன்னுமொன்றையும் கவனிக்க வேண்டும். மாற்றக் கட்டணம் இல்லை என்பதால் மாற்றம் இலவசம் என்றாகிவிடாது. நீங்கள் புதிதாகக் கேட்கும் நாளில் உங்கள் எழுத்து தீர்ந்திருந்தால், அடுத்த எழுத்தின் விலைக்கும் உங்கள் விலைக்குமுள்ள வித்தியாசத்தைக் கட்டவேண்டும்.

ஒரே பெயரின் உள்ளடக்கமும் காலத்துக்குக் காலம் மாறும். எயர் கனடா 2025 ஜனவரி 3 முதல் வட அமெரிக்காவுக்குள் செல்லும் பேசிக் பயணிகளுக்கு, இருக்கைக்குக் கீழே வைக்கும் சிறு பையைத் தவிர்ந்த கைப்பெட்டியை இலவசமாக அனுமதிக்காமல் விட்டது. முந்தைய ஆண்டு பேசிக்கில் பறந்தவரின் அனுபவம் அடுத்த ஆண்டு உதவவில்லை. எனவே "போனமுறை நான் இதைத்தான் எடுத்தனான்" என்று நண்பர் சொல்வதை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது.

கனடாவில் 2012 டிசம்பரிலிருந்து விளம்பர விலையில் வரிகளும் கட்டாயக் கட்டணங்களும் உட்பட்டிருக்க வேண்டுமென்பது விதி. ஆகவே இரு பெயர்களுக்கிடையே நீங்கள் காணும் வித்தியாசம் வரியல்ல. அது நிபந்தனையின் விலை.

துக்கக் கட்டணம்

நெருங்கிய உறவினர் இறந்தால் சில நிறுவனங்கள் சலுகைக் கட்டணம் தருகின்றன. இதைப் பற்றிய வழக்கொன்று கனடாவில் பெரிதும் பேசப்பட்டது. 2022 நவம்பரில் பாட்டியாரை இழந்த ஒருவர், வான்கூவரிலிருந்து டொராண்டோ வருவதற்காக எயர் கனடாவின் இணையத்தளத்திலிருந்த உரையாடு இயந்திரத்திடம் கேட்டிருக்கிறார். இப்போது வாங்கிவிட்டு, 90 நாட்களுக்குள் சலுகைக்கு விண்ணப்பிக்கலாமென்று அது சொன்னது. அதே தளத்தின் இன்னொரு பக்கத்திலோ, பயணம் முடிந்தபின் சலுகை கிடையாது என்று இருந்தது. நிறுவனம் பணத்தைத் திருப்பித்தர மறுத்தது. இயந்திரத்தின் சொல்லுக்குத் தான் பொறுப்பல்ல என்றும் வாதிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் குடிசார் தீர்ப்பாயம் 2024 பெப்ரவரியில் அந்த வாதத்தை நிராகரித்து, 650.88 டொலர் நட்டஈடும் அதன்மேல் வட்டியும் கட்டணமும் வழங்கத் தீர்ப்பளித்தது.

அவர் வென்றதற்குக் காரணம், உரையாடலின் படத்தை எடுத்து வைத்திருந்தது. இதில் நமக்கு இரண்டு பாடங்கள். துக்கக் கட்டணம் உண்டா என்பதைச் சீட்டு வாங்குவதற்கு முன்பே தொலைபேசியில் கேட்க வேண்டும். திரையில் காட்டியதைப் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்தச் சீட்டுக்கும் பொதுவானவை

மலிவான சீட்டு என்பதற்காகச் சட்டம் தந்த உரிமைகள் குறைவதில்லை. 2019இல் நடைமுறைக்கு வந்த கனடாவின் விமானப் பயணிகள் பாதுகாப்பு விதிகள் கட்டணப் பெயரைப் பார்ப்பதில்லை. பாதுகாப்புக் காரணமன்றி நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குள் அடங்கும் தாமதங்களுக்கு, பெரிய நிறுவனங்கள் 3 மணி நேரத்துக்கு 400, 6 மணி நேரத்துக்கு 700, 9 மணி நேரத்துக்கு 1,000 டொலர் என்று நட்டஈடு வழங்க வேண்டும். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பெற்றோருக்கு அண்மையில் மேலதிகக் கட்டணமின்றி அமர்த்த வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்டவர்களைப் பக்கத்து இருக்கையிலேயே. பிள்ளை தனியே போய்விடுமோ என்ற பயத்தில் இருக்கைத் தெரிவுக்குப் பணம் கட்டும் பெற்றோர் இதை அறிந்திருப்பது நல்லது.

பெட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே பயணச்சீட்டில் பல நிறுவனங்கள் வந்தாலும், கனடாவிலிருந்து போகும் அல்லது கனடாவுக்கு வரும் பயணம் முழுவதற்கும் பெட்டிகளுக்கு ஒரே விதிதான் என்று கனடியப் போக்குவரத்து முகவரகம் தீர்மானித்தது. 2015 ஏப்ரலிலிருந்து அது நடைமுறையில் உள்ளது. தனித்தனியாக வாங்கிய சீட்டுகளுக்கு இது பொருந்தாது. சென்னையிலிருந்து பலாலிக்கு இண்டிகோ 2024 செப்டம்பரில் சிறிய ஏடிஆர் விமானச் சேவையைத் தொடங்கியபின், டொராண்டோவிலிருந்து சென்னைக்கு ஒரு சீட்டு, சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இன்னொரு சீட்டு என்று சிலர் போகிறார்கள். இரண்டாவது சீட்டின் பெட்டி எடை அதன் சொந்த விதிப்படி. முதல் விமானம் தாமதித்து இரண்டாவதைத் தவறவிட்டாலும், பொதுவாக இரு நிறுவனங்களுமே பொறுப்பேற்பதில்லை.

ஒன்டாரியோவில் பயணமுகவர்கள் டைகோ எனப்படும் பயணத்துறைச் சபையில் பதிவுசெய்திருக்க வேண்டும். ரத்து மற்றும் மாற்ற நிபந்தனைகளைப் பணம் வாங்குமுன் சொல்லவேண்டியது அவர்களின் கடமை. ரசீதில் பதிவு இலக்கமும் இருக்க வேண்டும். நம் கடைத்தெருக்களில் உள்ள முகவரிடம் தமிழிலேயே கேட்கலாம் என்பது நமக்குள்ள வசதி. கேட்பதற்குக் கூச்சப்படக் கூடாது.

கேட்கவேண்டிய கேள்விகள்

திகதியை மாற்றலாமா? மாற்றினால் கட்டணம் எவ்வளவு, அதற்கு மேல் விலை வித்தியாசமும் உண்டா? ரத்துச் செய்தால் பணமாகத் திரும்புமா, வரவாக வைப்பார்களா, ஒன்றுமே இல்லையா? சீட்டு எவ்வளவு காலத்துக்குச் செல்லுபடியாகும்? போகும் விமானத்தைத் தவறவிட்டால் திரும்பும் விமானம் என்னாகும்? (பெரும்பாலான நிறுவனங்களில் அதுவும் ரத்தாகிவிடும்.) முழுப் பயணமும் ஒரே சீட்டா? எத்தனை பெட்டிகள், எத்தனை கிலோ? போக ஒரு கட்டணப் பெயர், வர இன்னொன்று என்று இருந்தால் எதன் நிபந்தனை பொருந்தும்? (பொதுவாக இரண்டில் கடுமையானது.)

பணம் கட்டுமுன் இந்த எட்டுக்கும் பதில் கிடைத்தால், சீட்டுக்கு அவர்கள் என்ன பெயர் வைத்தாலும் பரவாயில்லை.

எல்லோரும் எப்போதும் விலைகூடிய சீட்டை வாங்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. திரும்பும் நாள் நிச்சயமென்றால் மலிவானதே புத்திசாலித்தனம். கலியாணத்துக்குப் போகிறவருக்குத் திரும்பும் நாள் தெரியும். மருத்துவமனையிலிருக்கும் தாயைப் பார்க்கப் போகிறவருக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைக்கான விலைதான் அந்த வித்தியாசம்.

இதையெல்லாம் அன்றிரவு சொல்லி முடித்தபோது அண்ணர் அந்தத் தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "நூற்றி நாற்பது டொலர்" என்று மட்டும் சொன்னார். நான் வேறெதுவும் பேசவில்லை.

சென்ற வாரம் மீண்டும் வந்தார். ஆட்டைத்திவசத்துக்கு ஊருக்குப் போகவேண்டுமாம். இம்முறை கையில் தாள்கள் இல்லை; இன்னும் வாங்காத சீட்டொன்று கைத்தொலைபேசித் திரையில் திறந்திருந்தது.

"தம்பி, விலையைப் பிறகு பாப்பம். முதல்ல இதில திகதி மாத்தலாமோ எண்டு பாரும்" என்றார்.